88 வயதில் ஹார்ட் அட்டாக்: ஆஞ்சியோ செய்வதா, மருந்தோடு விடுவதா?

அயனாவரம் வாசகரின் கேள்வி, ஜூலை 3, 2025, இரவு 10.40

தாத்தாவுக்கு 88 வயது. நேற்று காலையிலிருந்து சாப்பாடு வேண்டாம் என்றார், மூச்சு வாங்கியது, இரண்டு தடவை வாந்தி. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அஜீரணம் என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தோம். இன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஈசிஜியில் மாற்றம் இருக்கிறது, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் டிரோபோனின் ஏறியிருக்கிறது, ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். நாளை மறுநாள் ஆஞ்சியோ, அதாவது ட்யூப் விட்டு இதயக் குழாயைப் பார்ப்பது, அடைப்பு இருந்தால் அப்படியே குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட், நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் அவரைப் போட்டு இம்சை பண்ண வேண்டாம் என்கிறார் பெரியப்பா. செய்தே ஆகவேண்டும் என்று அப்பா. எனக்குப் பெரியப்பா சொல்வதுதான் சரியாகப் படுகிறது. 85 தாண்டிவிட்டால் மருந்தோடு விட்டுவிடுவதுதானே நல்லது?

ஜூலை 3, இரவு 11.25

இல்லை தம்பி. 85 என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே பார்த்ததையும், வீட்டில் மாமியாரை வைத்துப் பார்த்துக்கொண்டபோது தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் டூட்டி டாக்டரிடம் 'ஸ்டெமியா, என்ஸ்டெமியா' என்று கேளுங்கள், ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். ஸ்டெமி என்றால் ரத்தக்குழாய் முழுசாக அடைத்துக்கொண்டது, இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். அங்கே 90 வயதானாலும் பலூன் போட்டுத் திறப்பதுதான் முதல் வழி, அதற்கு வயது உச்சவரம்பு கிடையாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் சேர்க்க வழியில்லை என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி. வயதானவர்களுக்கு அந்த ஊசியால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம், அதனால்தான் 75 தாண்டியவர்களுக்கு டெனெக்டிபிளேஸ் என்ற அந்த வகை ஊசியைப் பாதி அளவில் போடச் சொல்கிறார்கள்.

உங்கள் தாத்தாவுக்கு அனேகமாக என்ஸ்டெமியாகத்தான் இருக்கும், ஸ்டெமியாக இருந்திருந்தால் நாளை மறுநாள் என்று தள்ளிப் போட்டிருக்க மாட்டார்கள். இதில் குழாய் குறுகியிருக்கிறது, ரத்தம் கொஞ்சமாவது போகிறது. யோசிக்க ஒரு நாள் கிடைக்கிறது. ஆனால் ராத்திரியில் நெஞ்சு வலி நிற்காமல் இருந்தாலோ, பிரஷர் இறங்கினாலோ, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டாலோ, இதயத் துடிப்பு தாறுமாறாகப் போனாலோ இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். அப்போது குடும்பக் கூட்டம் போட நேரம் கிடையாது, பெரியப்பாவிடமும் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

நாளைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது 'சார், அவருக்கு 88' என்று ஆரம்பிக்காதீர்கள். வயது கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. போன மாதம் எப்படி இருந்தார் என்று சொல்லுங்கள். தானாகக் குளித்தாரா, கடைக்குப் போனாரா, மாடி ஏறினாரா, இந்த ஆறு மாதத்தில் கீழே விழுந்தாரா, எடை குறைந்ததா, பேரன் பேத்திப் பெயர் மாறுகிறதா, மலம் கறுப்பாகப் போனதா. ஐசியூவில் மூக்கில் ஆக்சிஜனோடு படுத்திருக்கும் எந்தக் கிழவரைப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். போன மாத மனிதரை அந்த டாக்டர் பார்த்ததில்லை, நீங்கள்தான் காட்டவேண்டும்.

ஜூலை 3, இரவு 11.50

இன்னொன்று விட்டுப்போனது. சோடா கொடுத்ததை நினைத்து வீட்டில் யாரும் யாரையும் குத்திக் காட்ட வேண்டாம். எண்பது தாண்டியவர்களுக்கு, அதிலும் சுகர் இருந்தால், நெஞ்சு வலியே இல்லாமல் அட்டாக் வருவது சகஜம். மூச்சு வாங்கும், வாந்தி வரும், தலை சுற்றிக் கீழே விழுவார்கள், அல்லது திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். 'ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்காங்க' என்று சொல்லித்தான் பாதிப் பேரைக் கூட்டி வருவார்கள். எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார், அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் கண்டுபிடித்த அட்டாக்குகள் ஏராளம்.

அதே சமயம் டிரோபோனின் ஏறியதெல்லாம் அடைப்பால்தான் என்றும் இல்லை. ரத்தம் குறைந்து போயிருந்தாலும், நிமோனியா வந்தாலும், சிறுநீரில் கிருமி ஏறிக் காய்ச்சல் அடித்தாலும், துடிப்பு வேகமாக ஓடினாலும், கிட்னி பழுதாக இருந்தாலும் ஏறும். ஹீமோகுளோபின் 7 இருக்கிற பாட்டிக்கு முதலில் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும், ஆஞ்சியோ அப்புறம். ஆகவே நாளைக்கு ஹீமோகுளோபின், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 4, காலை 7.10

நான் தூங்கப் போன பிறகு அம்பத்தூர்க்காரர் ஒருவர் '80 தாண்டியவருக்கு ஆஞ்சியோ என்பது சுத்த வியாபாரம்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் கோபம் புரிகிறது, தேவையில்லாத ஸ்டென்ட் வைத்த கதைகள் எனக்கும் தெரியும். அந்தக் கோபத்துக்குப் பலனும் கிடைத்திருக்கிறது, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, அதற்கு முன் ஒரே ஸ்டென்டுக்கு லட்சத்துக்கு மேல் பில் போட்ட காலம் இருந்தது. ஆனால் உங்கள் கோபத்தை இந்தத் தாத்தா தலையில் இறக்க முடியாது.

நார்வேயில் 80 தாண்டியவர்களை மட்டும் சேர்த்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், 'ஆஃப்டர் எய்ட்டி' என்று பெயர், 2016இல் வெளியானது. எல்லோருக்கும் இதே மாதிரி, என்ஸ்டெமி அட்டாக் அல்லது அதற்கு முந்தைய கட்டம். 457 பேர். பாதிப் பேருக்கு ஆஞ்சியோ செய்து தேவைப்பட்டதைச் செய்தார்கள், மீதிப் பேருக்கு மருந்து மட்டும். மறுபடி அட்டாக், அவசரமாக அடைப்பு நீக்குவது, பக்கவாதம், மரணம், இதில் ஏதோ ஒன்று ஆஞ்சியோ பக்கம் நூற்றுக்கு 41 பேருக்கு நடந்தது, மருந்துப் பக்கம் 61. இதை வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியுமா? அந்த நாட்டில் நோயாளி பையிலிருந்து ஸ்டென்டுக்குப் பணம் போவதில்லை.

ஜூலை 4, இரவு 9.30

காலையில் எழுதியதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் 'அப்போ எல்லாக் கிழவர்களையும் கேத் லேபுக்கு அனுப்பிவிடலாமா' என்று கேட்டிருக்கிறார்கள். பாதிக் கதைதான் சொல்லியிருந்தேன், மீதியும் கேளுங்கள்.

அதே நார்வே ஆய்வில் மரணத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். லாபமெல்லாம் மறு அட்டாக் குறைந்ததிலும், அவசரமாக ஓடிவரவேண்டிய நிலை குறைந்ததிலும்தான். வயது ஏற ஏற அந்த லாபமும் தேய்ந்துகொண்டே போனது, 90 தாண்டியவர்கள் விஷயத்தில் அந்த ஆய்வை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரியது பிரிட்டனில் நடந்த 'சீனியர் ரீட்டா', போன வருஷம், 2024இல் வந்தது. 75 தாண்டிய 1,518 பேர், சராசரி வயது 82, நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே பின்தொடர்ந்திருக்கிறார்கள். இதன் விசேஷம் என்னவென்றால் தளர்ந்து போனவர்களையும், பல வியாதிக்காரர்களையும், ஞாபகம் மங்கியவர்களையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். பொதுவாக மருந்து ஆராய்ச்சிகளில் கெட்டியான கிழவர்களாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துவிட்டு, முடிவை மட்டும் எல்லாக் கிழவர்களுக்கும் பொருத்துவார்கள். இதில் இதய நோயால் மரணம் அல்லது மறு அட்டாக் என்ற கணக்கு ஆஞ்சியோ பக்கம் 25.6 சதவீதம், மருந்துப் பக்கம் 26.3. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். மறு அட்டாக் மட்டும் 15 சதவீதத்திலிருந்து 11.7க்குக் குறைந்தது. சிகிச்சையின்போது சிக்கல் வந்தது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

இதை வைத்து நான் புரிந்துகொண்டது இதுதான். இந்த வயதில், இந்த வகை அட்டாக்கில், ஆஞ்சியோ ஆயுளைக் கூட்டும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், செய்தால் டேபிளிலேயே போய்விடுவார் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அது கொடுப்பது மறுபடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வராமல் இருக்கும் வாய்ப்பு. நடமாடிக்கொண்டு, ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும் ஒரு 88க்கு அது பெரிய விஷயம். படுக்கையோடு இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிசு என்பதை அவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும்தான் சொல்லவேண்டும்.

ஜூலை 4, இரவு 10.15

தம்பி, மேலே இவ்வளவு எழுதியும் ஒன்று உறுத்துகிறது. பெரியப்பா இப்படிச் சொல்கிறார், அப்பா அப்படிச் சொல்கிறார், உங்களுக்கு ஒன்று படுகிறது. தாத்தா என்ன சொல்கிறார்? உங்கள் கேள்வி முழுக்கத் தேடிப் பார்த்தேன், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை, நம் ஊர் வழக்கமே அதுதான். 'அவங்ககிட்ட சொல்லாதீங்க டாக்டர், பயந்துடுவாங்க' என்று மகன் காரிடாரில் கும்பிடுவார், உள்ளே அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

என் மாமியாருக்கு 91இல் இதே மாதிரி வந்தது. வார்டுக்கு வெளியே நாங்கள் நாலு பேர் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது ஒரு இளம் டூட்டி டாக்டர், இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண், எங்களைத் தாண்டி உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு அத்தையின் வலது காதுப் பக்கம் உட்கார்ந்தார். இடது காது கேட்காது என்று யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறார். 'பாட்டி, உங்க இதயத்துக்குப் போற குழாயில அடைப்பு இருக்கு. கை வழியா மெல்லிசா ஒரு ட்யூப் விட்டுப் பார்க்கலாம். இல்லன்னா மாத்திரை ஊசியிலேயே பார்க்கலாம். உங்களுக்கு எது முக்கியம்?' என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அத்தை கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். அப்புறம் 'எனக்கு மூச்சு முட்டக் கூடாது. பாத்ரூமுக்கு நானா போகணும். இவளுக்கு வேலை வைக்கக் கூடாது' என்று என்னைக் காட்டினார். எத்தனை நாள் படுக்க வேண்டியிருக்கும் என்று கேட்டார். கிட்னி ஏற்கெனவே மோசம், எடை நாற்பது கிலோகூட இல்லை, எல்லாவற்றையும் சேர்த்து மருந்தோடு போவது என்று முடிவாயிற்று. அந்த முடிவை எடுத்தது அவர்தான். அதனால் அப்புறம் சொந்தக்காரர்கள் யார் வந்து 'ஏன் செய்யல' என்று கேட்டாலும் வீட்டில் சண்டை வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவை மூச்சு வாங்கி அட்மிட் செய்தோம், மற்றபடி போகும்வரை பாத்ரூமுக்கு அவராகத்தான் போனார்.

நாளைக் காலை உள்ளே விடும் நேரத்தில் கேளுங்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் மாட்டிவிட்ட பிறகு கேளுங்கள்.

ஜூலை 5, மதியம் 1.20

தம்பி எழுதியிருப்பதைப் படித்து மனசு நிறைந்தது. தாத்தா 'மார்க்கெட்டுக்குப் போய் நானே காய் வாங்கணும், அதுக்கு வழி இருந்தா செய்' என்று சொன்னாராம். பெரியப்பாவும் அதோடு சரி என்றுவிட்டாராம்.

கிரியாட்டினின் 1.2 தான், நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். வயதானவர்களுக்குத் தசை குறைவு, அதனால் கிட்னி பாதி ஓய்ந்திருந்தாலும் அந்த எண் சாதுவாகத் தெரியும். கிட்னி உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிய, 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வருவதால் வகுக்கவேண்டும். தாத்தா 52 கிலோ என்றீர்கள். 52ஐ 52ஆல் பெருக்கினால் 2,704, அதை 86.4ஆல் வகுத்தால் 31. பெண்ணாக இருந்தால் இதில் 15 சதவீதம் இன்னும் குறையும். ஆரோக்கியமான இளைஞனுக்கு 100க்கு மேல் இருக்கும். ஆக தாத்தாவின் கிட்னி மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. ஆஞ்சியோவில் குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றும் சாயம் கிட்னிக்குச் சுமை, அதை முடிந்தவரை குறைத்துப் போடச் சொல்லலாமா, வயிற்றில் போடும் ரத்தம் உறையாத ஊசியின் அளவைக் கிட்னிக்கு ஏற்றபடி பார்த்தார்களா என்று கேளுங்கள். 30க்குக் கீழே போனால் எனாக்ஸாபாரின் என்ற அந்த ஊசியை நாளுக்கு ஒரு வேளையாகக் குறைப்பார்கள், இவர் அந்த ஓரத்தில் நிற்கிறார். பணிவாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கை மணிக்கட்டு வழியாகச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள், தொடை வழியைவிட ரத்தக் கசிவு குறைவு, சீக்கிரம் எழுந்து உட்காரலாம். ஆனால் வயதானவர்களுக்குத் தோள் பக்கம் குழாய் வளைந்து நெளிந்து கிடக்கும், டாக்டர் பாதியில் தொடைக்கு மாறினால் பதற வேண்டாம்.

ஜூலை 5, இரவு 11.05

ஒரு ஸ்டென்ட், மணிக்கட்டு வழியாகவே முடிந்துவிட்டது! வெளியே வந்ததும் தாத்தா கேட்ட முதல் கேள்வி 'கில் அவுட்டா?' என்று படித்தபோது இங்கே நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தோம். எட்ஜ்பாஸ்டன் கிரிக்கெட் மேட்ச் ஞாபகம் இருக்கிறதென்றால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகிறது.

ஜூலை 6, இரவு 8.40

ராத்திரி மூன்று மணிக்குத் தாத்தா ஊசிக் குழாயைப் பிடுங்கிப்போட்டு, செத்துப்போன தம்பி வந்திருப்பதாகச் சொல்லி எழுந்து போகப் பார்த்தார், கையைக் கட்டிவிட்டார்கள், புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். இதற்கு டெலீரியம் என்று பெயர், ஐசியூவில் வயதானவர்களுக்கு அடிக்கடி வருவது. ஜன்னல் இல்லை, பகலும் இரவும் ஒரே லைட், நாலு பக்கமும் மானிட்டர் சத்தம், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. போதாததற்குக் கண்ணாடியைக் கழற்றி டிராயரில் வைத்துவிடுவோம்.

பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் அதற்குள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் ஸ்டென்ட் வைத்ததே வீணாகிவிடும். வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள், கையைக் கட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. கண்ணாடியும் காது மெஷினும் மாட்டியிருக்கட்டும். 'இது ஆஸ்பத்திரிப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, காலையில காபி வரும்' என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று கேளுங்கள், தேவையில்லை என்றால் எடுத்துவிடலாம். தூக்க மாத்திரை கொடுங்கள் என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள், டயஸிபாம் வகை மாத்திரைகள் இதை இன்னும் மோசமாக்கும். மோஷன் போனாரா என்றும் பாருங்கள். மலச்சிக்கலால் மட்டுமே உளறியவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

ஜூலை 9, மாலை 6.00

அட்டாக் வந்தவரை மாடியிலிருந்து இறக்குவதைப் பற்றி எழுதுங்கள் என்று மந்தைவெளியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவசியம் எழுதவேண்டியதுதான். மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர் பக்கம் எழுபது எண்பதுகளில் கட்டிய ஃபிளாட்டுகளில் லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடியில் எண்பது வயசுக்காரர்கள் இருக்கிறார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அப்போது ஜனங்கள் செய்வது அவரையே மெதுவாக நடத்தி இறக்குவது. அது கூடாது. அட்டாக் வந்த இதயத்துக்கு மூன்று மாடி இறங்குவது பெரிய வேலை. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சைச் சுற்றி ஒரு துண்டால் தளர்வாக நாற்காலியோடு கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக, அவர் முகம் இறங்கும் திசையைப் பார்க்கும்படி இறக்குங்கள். கால் விரிசல் விட்ட நாற்காலி வேண்டாம். 108க்கு போன் செய்யும்போதே எந்த மாடி, லிஃப்ட் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு: தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் ஆரம்பித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து மேலே அனுப்புவார்கள். இவ்வளவையும் ஒரேயடியாக விழுங்க வயதானவர்கள் திணறுவார்கள், ஒவ்வொன்றாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் வீட்டிலேயே நீங்களாக வாங்கி அத்தனையும் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் இருக்கிறவருக்கு அது ஆபத்து, 75 தாண்டியவருக்கு கட்டி கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால் குளோபிடோக்ரெல் அளவே வேறு.

ஜூலை 10, இரவு 10.30

அம்மாவுக்கு மறதி நோய், 86 வயது, நாலு வருஷமாகப் படுக்கை, போன வாரம் அட்டாக், 'போன மாதம் எப்படி இருந்தார் என்று பார்க்கும் உங்கள் கணக்குப்படி என் அம்மாவை விட்டுவிட வேண்டியதுதானா' என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. அம்மா, நான் எழுதியது அப்படி அர்த்தம் தருமானால் அதை அப்படியே விடமாட்டேன்.

ஆஞ்சியோ வேண்டாம் என்பது வைத்தியம் வேண்டாம் என்பதாகாது. வலிக்கு மார்ஃபின் சின்ன அளவில், மூச்சு முட்டினால் நீர் இறக்கும் ஊசி, ஆக்சிஜன் குறைந்தால் ஆக்சிஜன், ரத்தம் உறையாத மருந்து, புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, வாயைத் துடைத்து ஈரமாக வைப்பது. இத்தனையும் வைத்தியம்தான், இதில் எதையும் குறைக்க யாருக்கும் உரிமை கிடையாது. 'மெடிக்கல் மேனேஜ்மென்ட்' என்று ஷீட்டில் எழுதிய மறு நிமிடம் அந்தக் கட்டில் பக்கம் ரவுண்ட்ஸ் வேகமாகப் போவதைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தாங்காத விஷயம் அது. கேட்டு வாங்குங்கள். வலி மருந்தைக் கூசாமல் கேளுங்கள்.

சென்னையில் முதியோர் மருத்துவம் நேற்று வந்ததில்லை. ஜிஎச்சில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978இலேயே முதியோருக்கென்று தனி ஓபி தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தது, 200 படுக்கை. இதயம், கிட்னி, மறதி என்று ஆளைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுசாகப் பார்க்கும் டாக்டர் ஒருவர் உங்கள் அம்மாவுக்கு வேண்டும். இதய டாக்டரிடமே முதியோர் மருத்துவர் கருத்துக்கு எழுதித் தரச் சொல்லலாம்.

இன்னொன்று, இப்போது நன்றாக இருக்கும் பெரியவர்களுக்காக. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதா, வென்டிலேட்டர் போடுவதா என்பதை அவர்களே முன்கூட்டி எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து போதும். எண்பத்தைந்து வயது விலா எலும்பு நெஞ்சை அழுத்தும்போது உடையும் சத்தத்தைக் கேட்ட யாரும் இந்தப் பேச்சை அபசகுனம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் வீட்டுக்காரரும் எழுதி பீரோவில் வைத்திருக்கிறோம், பெண்ணுக்கு இடம் தெரியும்.

ஜூலை 17, காலை 8.15

ஆடி பிறந்துவிட்டது. தாத்தா வீட்டுக்கு வந்து கூழ் கேட்கிறாராம், கொடுக்கலாமா என்று கேள்வி. கூழ் தாராளமாக. தொட்டுக்கொள்ளக் கருவாடும் மோர் மிளகாயும் வேண்டாம். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப் செய்யும் சக்தி குறைந்திருக்கிறது என்றால் உப்புதான் முதல் எதிரி. நார்த்தங்காய், அப்பளம், வடகம், ஊறுகாய் எல்லாம் உப்பில் கிடப்பவை. சின்ன வெங்காயமும் மோரும் போதும். தினமும் காலையில் டாய்லெட் போய்வந்ததும், சாப்பிடும் முன் எடை பார்த்து காலண்டரிலேயே எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர், அன்றைக்கே டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

ரொம்பக் கட்டுப்படுத்தவும் வேண்டாம். உப்பில்லை என்று சாப்பாட்டையே ஒதுக்கி எடை இறங்கினால் இந்த வயதில் அதுவும் ஆபத்துதான்.

இரண்டாவது குழாயில் இன்னொரு அடைப்பு மிச்சம் இருக்கிறதே என்ற கேள்விக்கு: 75 தாண்டியவர்களுக்கும் மீதி அடைப்பை அளந்து பார்த்து, உண்மையிலேயே ரத்தம் தடைப்பட்டால் அதையும் சரிசெய்வது நல்லது என்று 'ஃபயர்' என்ற ஆய்வு 2023இல் சொன்னது. ஒரு வருஷத்தில் மோசமான விளைவுகள் 21 சதவீதத்திலிருந்து 15.7க்கு இறங்கின. ஆனால் தாத்தாவின் கிட்னி 31 என்பதை மறக்க வேண்டாம், மறுபடி சாயம் போடுவதற்கு முன் அந்த எண்ணைத் திரும்பப் பாருங்கள். அவரிடமும் மறுபடி கேளுங்கள். போன தடவை சரி என்றது இந்தத் தடவைக்கும் சேர்த்து இல்லை.

ஜூலை 21, இரவு 9.00

பல் ஆடுகிறதாம், பிடுங்க வேண்டுமாம், பல் டாக்டர் ரத்தம் நீர்க்கும் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தச் சொல்கிறாராம். நிறுத்தாதீர்கள்! ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, இப்போது ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். இதய டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது. பல்லைத் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் மாத்திரையை நிறுத்தாமலேயே ஒரு பல்லைப் பிடுங்கி, தையல் போட்டு, பஞ்சைக் கடிக்க வைத்து ரத்தத்தை நிறுத்தலாம், பல் மருத்துவக் கல்லூரிகளில் சாதாரணமாகச் செய்வதுதான்.

குளோபிடோக்ரெல் பழைய மாத்திரையாயிற்றே, புதுசு கொடுக்கவில்லையே என்று அப்பா வருத்தப்படுகிறாராம். வருத்தப்பட ஒன்றும் இல்லை. நெதர்லாந்தில் 70 தாண்டியவர்களை வைத்துப் பார்த்தபோது புது வகை மாத்திரையில் 24 சதவீதம் பேருக்கு ரத்தக் கசிவு, குளோபிடோக்ரெலில் 18. மருந்துச் சீட்டைப் பார்த்தேன், கூடவே வயிற்றுக்கு பேன்டோபிரசோலும் இருக்கிறது, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாத்தா தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கை மட்டும் இன்றைக்கே எடுத்து ஒளித்து வையுங்கள். கிட்னிக்கும் வயிற்றுக்கும் இதயத்துக்கும் மூன்றுக்கும் அது ஆகாது. வலித்தால் பாராசிட்டமால். பல் டாக்டரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், அதில் ஸ்டென்ட் வைத்த தேதி இருக்கும்.